புழு பிரித்த பருத்தி

மழையில் சீட்டுகளின் எழுத்து அழிந்துபோக, ஆய்வகத் தொட்டிகளில் எது மரபணு மாற்றிய பருத்தி, எது சாதாரணப் பருத்தி என்று யாருக்கும் தெரியவில்லை.

"மூன்று நாளில் பிரித்து வை. இல்லாவிட்டால் வேலைக்கு வராதே," என்றார் இயக்குநர் சிதம்பரநாதன்.

தோட்டக்காரி செல்லக்கிளி குழம்பினாள். எல்லாச் செடிகளும் ஒன்றுபோலவே இருந்தன. மண்ணில் வாழும் நுண்ணுயிரியின் மரபணு ஒன்றை, காய்ப்புழுவைக் கொல்வதற்காகப் பருத்தியில் சேர்த்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தது மட்டும் நினைவிருந்தது. ஒவ்வொரு செடியிலும் ஒரு காய்ப்புழுவை விட்டாள்.

மூன்றாம் நாள் சொன்னாள்: "புழு செத்ததெல்லாம் இந்தப் பக்கமுங்க."

"என் மேசையிலிருந்து மழைக்கு வெளியே வைத்த செடி? நானே மரபணு மாற்றி விருதுக்கு அனுப்பிய ரகம் அது."

"அந்தப் பக்கமுங்க. புழு நல்லாக் கொழுத்திருக்கு."

இயக்குநருக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்படி?"

"அது யாரோட செடின்னு புழுவுக்குத் தெரியலைங்க ஐயா. நாளைக்கு வேலைக்கு வரலாமுங்களா?"

குழப்பம் தீராமலே அவர் தலையாட்டினார்.