வண்டிக்குக் காது கேட்கும்

"காலையிலயே கேட்டுட்டேன், வண்டியா நானான்னு. இன்னும் யோசிச்சுட்டே இருக்காரு."

மெக்கானிக் ஷெட் வாசலில் பட்டுப்புடவையோடு நின்ற ஓர் அம்மாள் போனில் இப்படிச் சொன்னது என் காதில் விழுந்தது. விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பொள்ளாச்சியில் உடுமலை ரோட்டோரம் இருக்கும் இருதயராஜ் அண்ணனின் ஷெட் அது. என் ஸ்கூட்டரின் பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. அதை விட்டுவிட்டு, அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்துக்கு அப்புறம் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

யோசித்துக்கொண்டிருந்தவரும் அங்கேதான் இருந்தார். பெயர் கிட்டுசாமி. தென்னந்தோப்புக்காரர். சலவை வேட்டி, முறுக்கி விட்ட நரைமீசை. உருண்டை மூக்கு வைத்த ஒரு பழைய வெள்ளைக் காரின் மேல், மாட்டின் முதுகில் கை போடுவதுபோலக் கை போட்டு நின்றார். காரின் ஒரு கதவு மட்டும் வேறு மாதிரி வெள்ளை.

போனை வைத்துவிட்டு அந்த அம்மாள், துளசிமணி, இருதயராஜ் அண்ணனிடம் வந்தார்.

"என்னப்பா, ஆச்சா?"

"இப்போதைக்கு ஓடும் அக்கா. ஆனா இன்ஜினை இறக்கி முழுசா வேலை பாக்கோணும். பாத்துட்டா இன்னும் பல வருசம் இழுக்கும். இல்லைன்னா அந்தச் செலவுக்கு வேற வண்டியே பாக்கலாம். நீங்க சொல்றதுதான்."

"சொல்றதுக்கு என்ன இருக்குது? இன்னிக்குத் தாராபுரத்துல எங்கண்ணன் பொண்ணுக்குக் கல்யாணச் சீர். அத்தை சீர்த் தட்டெல்லாம் டிக்கியில இருக்குது. பொழுது சாயறதுக்குள்ள போயி இறக்கோணும். போன தடவை இந்த வண்டி எங்கண்ணன் ஊட்டு வாசல்லயே நின்னுபோச்சு. அண்ணன் பொண்டாட்டி மாடியில நின்னு பாக்கறா. நான் பட்டுச்சீலையோட பின்னால நின்னு தள்ளறேன். இவரு உள்ள சௌகரியமா உக்காந்துட்டு, 'இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்'ங்கறாரு. இன்னொருக்கா நான் தள்ள மாட்டேன். காங்கேயத்துல இருந்து ஆள் வரச் சொல்லியிருக்கறேன். இங்கயே வண்டிய வித்து..."

இருதயராஜ் அண்ணன் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். காரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு துளசிமணி அம்மாளை அந்தப் பக்கம் இருந்த புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அக்கா, விக்கற பேச்ச வண்டி முன்னால பேசலாமா? அதுக்குக் கேட்டுச்சுன்னா அவ்வளவுதான். விலை பேசற நேரத்துக்குச் சரியா மக்கர் பண்ணும்."

"அட, ஆமாம். மறந்துட்டேன்" என்று அவரும் குரலைத் தாழ்த்தினார்.

எங்கள் வீட்டில் பழைய ஸ்கூட்டரை விற்றபோது அப்பா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் விலை பேசினார். அதனால் எனக்கு இது ஒன்றும் விநோதமாகப் படவில்லை.

"அங்க என்ன குசுகுசுப்பு?" என்று கிட்டுசாமி காரடியில் நின்றபடியே குரல் கொடுத்தார். "இருதயராசு, நீ வந்து அஞ்சாறு வருசம்தான் ஆச்சு. இந்த வண்டியப் பத்தி உனக்கென்ன தெரியும்? வால்பாறை மலையேறுனேன். நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுல பெட்ரோல் தீந்துபோச்சு. பின்னால பஸ்காரன் பாம் பாம்ங்கறான். நான் என்ன பண்ணுனேன்? பொறுமையா இறங்கி, ஒரு காலி கேனை எடுத்து, வண்டிக்கு மோந்து பாக்கக் குடுத்தேன்."

"காலி கேனா?"

"ஒரு சொட்டு இல்ல. வாசம் மட்டுந்தான். அந்த வாசத்துலயே மிச்ச வளைவெல்லாம் ஏறிருச்சு."

"எறங்கறப்ப?"

"எறங்கறப்பத்தான் வேடிக்கை. ஏறுனப்பக் குடிக்காத பெட்ரோலெல்லாம் எறங்கறப்ப ஊற ஆரம்பிச்சிருச்சு. ஆழியாறு வந்து சேர்றப்ப டேங்க் நெறஞ்சு வழியுது. ரோட்டுல போற ரெண்டு பைக்குக்கு ஊத்திக் குடுத்துட்டுத்தான் ஊடு வந்தேன்."

"அந்த ஊத்து இப்ப எங்கீங்க போச்சு?" என்று துளசிமணி அம்மாள் மரத்தடியிலிருந்து கேட்டார். "இன்னிக்குக் காலையில பங்க்குல நின்னப்பக் காணோமே?"

கிட்டுசாமி அதைக் காதில் வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ படிச்ச புள்ளையாட்ட இருக்கற. நீயே சொல்லு. ஆனை பொய் சொல்லுமா?"

புத்தகத்தை மூடினேன். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"அதே மலை. ரோட்டை அடைச்சுட்டு ஒரு ஒத்தை ஆனை. நான் ஒரே ஒரு ஹாரன். இந்த வண்டி ஹாரன் சத்தம் அப்படியே அந்த ஆனையோட கூடப்பொறந்தவ குரலாட்டவே இருந்திருக்குது. ஓடி வந்து வண்டியக் கட்டிப் புடிச்சு ஒரே அழுகை. எவ்வளவு சமாதானம் சொல்லியும் கேக்கல. பின்னாலயே நம்ம தோப்புக்கு வந்திருச்சு. ஒரு மாசம் இருந்துச்சு. மரமேறி ஆளே கூப்புடல நான். தும்பிக்கையாலயே தேங்காய் பறிச்சுப் போட்டு, மட்டை உரிச்சு, பெருசு சிறுசுன்னு தனித்தனியா அடுக்கி வச்சிரும். பொறகு ஊர் நெனப்பு வந்து சரியாச் சாப்புடல. சரி போன்னு நாந்தான் வால்பாறை பஸ் ஏத்தி விட்டேன்."

"டிக்கெட் எடுத்தீங்களா?" என்று புதிதாக ஒரு குரல் கேட்டது.

பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காங்கேயத்துக்காரர், அங்கமுத்து. பழைய கார்களை வாங்கிப் பளபளவென்று ஆக்கி, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுகிறவர். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"ஃபுல் டிக்கெட்" என்றார் கிட்டுசாமி, கேட்டவர் யாரென்று பார்க்காமலே. "தும்பிக்கைக்கு மட்டும் தனியா லக்கேஜ் போட்டுட்டான். நான் கண்டக்டர்கிட்டச் சண்டைக்கே போயிட்டேன்."

அங்கமுத்து சிரிக்கவில்லை. மெதுவாகக் காரைச் சுற்றி வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். கேட்க ஒரு புது ஆள் கிடைத்த உற்சாகத்தில் கிட்டுசாமி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. நான் பல்லடத்துக்குப் போயிட்டிருக்கேன். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஒரே தூக்குத் தூக்குச்சு பாருங்க, வண்டி மேல போயிருச்சு. வேற வண்டியா இருந்தா பயந்திருக்கும். இது நாலு கதவையும் விரிச்சுட்டு, கழுகாட்ட மெதந்து போகுது. கீழ டோல்கேட்டுக்காரன் சீட்டைக் கிழிச்சுக் கையில வச்சுட்டு அண்ணாந்து பாத்துட்டே நிக்கறான். எறங்குனது எங்க? நான் போக வேண்டிய அரிசி மண்டி வாசல்ல, லோடு ஏத்தற எடம் பாத்து."

"ரிவர்ஸ்லயா?" என்றார் இருதயராஜ் அண்ணன்.

"பின்ன? டிக்கி மண்டிப் பக்கம் இருந்தாத்தான மூட்டை ஏத்த முடியும்?"

அங்கமுத்து காரின் நெற்றியைத் தடவினார். "வேகம் எப்படீங்க?"

இந்தக் கேள்விக்காகவே கிட்டுசாமி பிறந்ததிலிருந்து காத்திருந்த மாதிரி இருந்தது. மீசையை ஒரு பக்கம் முறுக்கினார்.

"வேகத்தப் பத்தி நான் யாருகிட்டயும் சொல்றதில்ல. நம்ப மாட்டாங்க. நீங்க கேட்டதால சொல்றேன். ஒரு நாள் அவசரமா கோயமுத்தூர் போகோணும். கொஞ்சம் அழுத்திட்டேன். உக்கடம் போயி நிறுத்திட்டு, வந்து சேந்துட்டேன்னு சொல்லலாம்னு ஊட்டுக்குப் போன் பண்ணுறேன். போனை எடுத்தது யாரு? நாந்தான். 'இன்னும் கெளம்பலீங்க, இப்பத்தான் குளிச்சுட்டு வர்றேன்'ங்கறேன்."

புளியமரத்தில் ஒரு காக்கை கத்தியது.

"அன்னிக்குத்தான்" என்றார் துளசிமணி அம்மாள், "ரெண்டு பேரும் சாப்புட்டுப் போயிட்டீங்க. எனக்குச் சோறே மிச்சமில்ல."

அங்கமுத்து நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். "பேச்சே வேண்டாமுங்க. வண்டி எனக்கு. நீங்க சொன்னதுல நூத்துல ஒண்ணு நெசம்னாக்கூட இது ராசியான வண்டி."

கிட்டுசாமியின் கை மீசையிலேயே நின்றது. "நீங்க யாருங்க?"

"காங்கேயத்து அங்கமுத்துங்க. அக்கா வரச் சொன்னாங்க."

"வாயாலயே வித்துப்போட்டீங்க!" என்று துளசிமணி அம்மாள் கை தட்டினார். "கும்புடோணும் உங்க வாயை."

கிட்டுசாமியின் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவர் சும்மா நிற்கிற ஆள் இல்லை. தொண்டையைச் செருமினார்.

"நான் இன்னும் முடிக்கலீங்களே. நல்லது பாதிதான் சொன்னேன். மைலேஜ் கேட்டீங்களா? பங்க்குல டேங்க்கை ரொப்பி மூடியத் திருகறதுக்குள்ள காலியாயிரும். மூடி வரைக்குந்தான் ஓடும்."

"அண்ணா, மெதுவாப் பேசுங்க" என்று இருதயராஜ் அண்ணன் அலறினார். "வண்டிக்குக் கேக்கும்!"

"கேக்கட்டுமே! மழை பேஞ்சா வெளிய ஒரு சொட்டு இருக்காது. அத்தனையும் உள்ளதான் பேயும். போன ஐப்பசியில பின் சீட்டுல மீன் புடிச்சேன். கெண்டை. கொழம்பு வச்சுத் தின்னோம். முன் சீட்டுக்கு அடியில ஒரு நல்ல பாம்பு குடும்பத்தோட குடியிருக்குது. கியர் மாத்தறப்ப எது கியர், எது பாம்புன்னு பாத்துத்தான் புடிக்கோணும். ஒரு தடவை பாம்பை மூணாவது கியருக்குத் தள்ளிட்டேன். கோவத்துல அது இறங்கி முன்னால போயிருச்சு. எப்பவும் நத்தைக்குப் பின்னால போற வண்டி, அன்னிக்குப் பாம்புக்குப் பின்னால போச்சு. பிரேக்கா? பிரேக்குப் போட்டா ஹாரன் அடிக்கும். ஹாரன் அடிச்சாக் கதவு கழண்டு விழும். அந்தக் கதவு வேற வெள்ளையா இருக்குதே, ஏன்னு நெனச்சீங்க? மாத்துனதுல அதுதான் ஒன்பதாவது!"

அங்கமுத்து முன் சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"வேண்டாமுங்க."

"ஏனுங்க?" என்று துளசிமணி அம்மாள் ஓடி வந்தார். "அவரு புளுகறாருங்க!"

"தெரியுமுங்க அக்கா. ஆனா நூத்துல ஒண்ணு நெசம்னாக்கூட, அது பாம்பா இருந்துச்சுன்னா? என் தொழில்ல பின்னால உக்கார்றது மாப்பிள்ளைங்க."

அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். கிட்டுசாமி வெற்றியோடு காருக்குள் ஏறி உட்கார்ந்தார்.

"ஏறு துளசி. தாராபுரம் போலாம்."

சாவியைத் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை திருகினார். காலையிலிருந்து இருமியாவது காட்டிய வண்டி, இப்போது முனகக்கூட இல்லை.

எல்லோரும் இருதயராஜ் அண்ணனைப் பார்த்தோம். அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். வயரைத் தொட்டார். ஒரு பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு பானெட்டைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"கோளாறு ஒண்ணும் இல்லீங்க. கோவம். கோவத்தக் கழட்ட எங்கிட்ட ஸ்பேனர் இல்ல."

கிட்டுசாமி இறங்கி வந்து பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். "ராசா, அந்த ஆள வெரட்டறதுக்காகச் சொன்னேன். நீ பறந்தவன்ல? ஆனை கட்டிப் புடிச்சு அழுத வண்டிதான?" மறுபடி சாவி. மறுபடி மௌனம்.

"இனி நீங்க சொன்னா அது நம்பாதுங்க அண்ணா" என்றார் இருதயராஜ் அண்ணன். "ரெண்டு பக்கமும் பேசிட்டீங்க."

துளசிமணி அம்மாள் வாடகைக் காருக்குப் போன் போட்டார். முகூர்த்த நாள். ஊரில் ஒரு வண்டியும் இல்லை. இன்னொருவருக்குப் போட்டார். அவர் பழநியில் இருந்தார். வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. அத்தை இல்லாமல் சீர்த் தட்டை யார் வைப்பது? டிக்கியைத் திறந்து பார்த்தார். தட்டில் இருந்த வெற்றிலை ஓரம் சுருண்டிருந்தது. டிக்கியைச் சாத்தினார். பிறகு காரின் முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்த்து லேசாக வெட்கப்பட்டார். நான் மறுபடி புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

"இங்க பாரு" என்று காரிடம் மெல்ல ஆரம்பித்தார். "போன மழைக்காலத்துல எனக்குக் காய்ச்சல். இவரு தேங்காய் லோடு கூட வெளியூர் போயிட்டாரு. எந்திரிச்சுத் தண்ணி மோக்கக்கூட முடியல எனக்கு. அப்ப நீ என்ன பண்ணுன? நீயாக் கேட்டைத் தள்ளித் தொறந்து, நீயா டவுனுக்குப் போயி, டாக்டர ஏத்திட்டு வந்த. டாக்டர் ஊசிய மறந்துட்டாருன்னு பாதி வழியில திரும்பிப் போன. வர்றப்பக் கஞ்சிக்கு நொய்யரிசியும் ரெண்டு எலுமிச்சம்பழமும் வாங்கிட்டு வந்த. எலுமிச்சம்பழம் சொத்தையா இருந்துச்சுன்னு கடைக்காரன்கிட்ட மாத்தி வேற வாங்குன. எனக்குக் குணமாகற வரைக்கும் வாசல்லயே நின்னு, வர்ற ஒரம்பரை, சொந்தபந்தத்தையெல்லாம் 'அம்மா தூங்கறாங்க, பொறகு வாங்க'ன்னு சொல்லி அனுப்புன. கட்டுன புருசன் இன்னி வரைக்கும் எனக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி வச்சுக் குடுத்ததில்ல."

கிட்டுசாமி வாயைப் பிளந்தபடி நின்றார்.

"இது எப்பப் புள்ள நடந்துச்சு? எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கன்னுதான்" என்றார் துளசிமணி அம்மாள். கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. அக்கட்ட நகருங்க."

தோப்பில் டிராக்டர் ஓட்டிப் பழகிய கையாம். புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி, சாவியை ஒரே ஒரு முறை திருகினார். வண்டி குலுங்கி, இருமி, உறுமியது.

"அக்கா!" என்று இருதயராஜ் அண்ணன் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார். "அப்ப என்னதான் முடிவு?"

"திங்கக்கிழமை கொண்டாறேன். இன்ஜினை இறக்கிருங்க."

கிட்டுசாமி அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், ஒன்பதாவது கதவைத் திறந்து, இடது சீட்டில் உட்கார்ந்தார். வண்டி ஷெட்டை விட்டு வெளியே போய், மெயின் ரோட்டுக்கு ஏறும் மேட்டில் பாதி ஏறியது. அங்கே ஒரு முறை விக்கி நின்றுவிட்டது. பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

துளசிமணி அம்மாள் ஸ்டீயரிங்கை விடவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கிட்டுசாமி இறங்கினார். பஸ்காரரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. சலவை வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டி, பின்னால் போய், இரண்டு கைகளையும் டிக்கியின் மேல் ஊன்றித் தள்ள ஆரம்பித்தார்.