ஜிப் இல்லாத விண்வெளி உடை

"அறிவியல் படம்னா பிரமிப்பு போதும். 'எப்படி'ன்னு எவனும் கேக்க மாட்டான்," என்றார் இயக்குநர் இளந்திரையன்.

உடை தைக்கும் புஷ்பராணி, "கேட்டா பதில் இருக்கணும் சார். அதுதான் நல்ல படம்," என்றாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்குள்ள ஹீரோவுக்கு விண்வெளி உடை வேணும். ஜிப், பட்டன், திறப்பு எதுவும் இருக்கக் கூடாது. முடியலன்னா வேற கம்பெனி பாத்துக்கோ."

மறுநாள் அவள் வெள்ளி நிற உடையைக் கொண்டுவந்தாள். கழுத்தையும்கூட மூடித் தைத்திருந்தாள். ஹீரோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இயக்குநரும் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்குள்ள எப்படிம்மா போறது?"

"நீங்களே கேட்டுட்டீங்களே சார்."

ஹீரோ சிரித்துவிட்டார். புஷ்பராணி பையிலிருந்து ஒரு ஜிப்பை எடுத்தாள். "முன்னாடி வைக்கவா, முதுகுல வைக்கவா?"

"முதுகுலயே வைம்மா," என்றார் இளந்திரையன், குரலைத் தாழ்த்தி.