மந்திரி வீட்டுத் தண்ணீர்

முன்னொரு காலத்தில், வானம் பார்த்த பூமியான கரம்பை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

எதற்கெடுத்தாலும் அவன் யோசனை கேட்பது மந்திரி நன்முல்லையிடம்தான். அரண்மனையைக் கட்டிய அதிகாரி மருதனாருக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். நன்முல்லை தானே திட்டம் போட்டு ஒரு வீடு கட்டியதும் இன்னும் எரிந்தது. அந்த வீட்டுக் கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிந்திருந்தது. பெய்கிற மழையெல்லாம் முற்றத்தில் விழுந்து, மணலில் வடிந்து, தரைக்கு அடியில் இருந்த தொட்டியில் சேரும்.

"வீடு கட்டச் சொன்னால் புனல் கட்டியிருக்கிறாள்!" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார் மருதனார்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. கிணறுகள் வற்றி, அரண்மனைக் குளம் மட்டும் மிஞ்சியது. காலையில் வீட்டுக்கு ஒரு குடம் அளந்து கொடுத்தார்கள். திருட்டுத்தனமாக மொண்டால் நாடு கடத்தல் என்று தண்டோரா போட்டான் ராஜா.

நன்முல்லையோ தன் பங்கைக்கூட வாங்கவில்லை. தாகத்தோடு வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாள். ஜனங்கள் அவளை வாழ்த்தியது மருதனாருக்குப் பொறுக்கவில்லை. சபைக்கு ஓடினார்.

"மன்னா, மந்திரி குளத்துத் தண்ணீரைத் திருடுகிறாள்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "உண்மையா, அமைச்சரே?"

"போன வருஷம் என் கூரையில் விழுந்த மழை, அரசே."

"என் கூரையிலும்தானே மழை விழுந்தது?"

"விழுந்தது. தெருவுக்கு ஓடிவிட்டது. அப்படிக் கட்டியிருக்கிறார்கள்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருதனார் பல்லைக் கடித்தார். "வாய்ஜாலம் வேண்டாம், நிரூபிக்கட்டும்!"

"நாளைக் காலை நிரூபிக்கிறேன். முடியாவிட்டால் நானே நாட்டை விட்டுப் போகிறேன்" என்றாள் நன்முல்லை.

அன்று மாலை அவள் ராஜாவிடம் மட்டும் சொல்லி, குளத்தில் மூட்டை மூட்டையாக மஞ்சள்தூள் கரைக்க வைத்தாள்.

மந்திரி வெளியேறுவதைக் கண்ணாரப் பார்க்கும் அவசரம் மருதனாருக்கு. விடியுமுன் இருட்டிலேயே தலைக்குக் குளித்துவிட்டுச் சபைக்கு முதல் ஆளாக வந்து நின்றார்.

சேவகர்கள் நன்முல்லை வீட்டிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள். தண்ணீர் பளிங்காக இருந்தது. ராஜா மெல்லத் திரும்பினான்.

"மருதனாரே, உமக்கு நலங்கு வைத்தது யார்?"

மருதனார் குனிந்து பார்த்தார். வெண்தாடி மஞ்சள், கை மஞ்சள், மேல்துண்டும் மஞ்சள். சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவின் காலில் விழுந்தார்.

"மன்னா, அரண்மனை கட்டும்போதே குளத்திலிருந்து என் வீட்டுக்குக் கள்ளக் குழாய் பதித்துவிட்டேன். திருடாமல் ஒருத்திக்கு இவ்வளவு தண்ணீர் எப்படிக் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். திருடியும் எனக்குக் கிடைக்காத பேர் அவளுக்குக் கிடைக்கிறதே என்று தாங்கவில்லை!"

"எல்லைக்கு அப்பால் தள்ளுங்கள் இவனை!"

"வேண்டாம் அரசே" என்றாள் நன்முல்லை. "அரண்மனைக் கூரையைப் பிரித்து உள்நோக்கி வேய வேண்டும். கட்டியவரைவிட அதை அறிந்தவர் யார்?"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். நாட்டின் கட்டடங்கள் எல்லாம் இனி அவள் பொறுப்பு என்றான். மருதனார் அவளுக்குக் கீழே வேலைக்குப் போனார். வெயிலில் ஓடு சுமந்தார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. புதுக் கூரையிலிருந்து நீர் இறங்கி, அரண்மனையில் புதிதாகக் கட்டிய தொட்டி தளும்பியது. "நிறைந்தது, நிறைந்தது!" என்று நனைந்தபடியே குதித்தார் மருதனார். பிறகு பக்கத்தில் நின்ற கொத்தனாரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனப்பா, மந்திரி வீட்டுத் தொட்டி இதைவிடச் சின்னதுதானே?"