டப்பாவில் ஒட்டிய தாள்

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் வியாழக்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை. அடுப்புக்கும் அதன் முன் நிற்பவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று தவமணி அம்மை ஏற்படுத்திய வழக்கம் அது. அன்று ஊறவைத்த அவல், பழம், மோர். அவற்றோடு ஒரு டப்பா நிறையச் சத்து உருண்டை.

உருண்டை பிடிப்பது வைரவனின் வேலை. அவர் தவமணி அம்மையின் சீடர். குருவைவிடப் பதினேழு வயது மூத்தவர். மடத்துக்கு வருவதற்கு முன் இருபத்தாறு ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்றவர்.

தொடக்கத்தில் அவர் பிடித்த உருண்டைகளை யாரும் விரும்பவில்லை. நிலக்கடலை, எள், கொப்பரை எல்லாம் தாராளமாக இருந்தன. பேரீச்சம்பழம் பெயருக்குத்தான். கையில் எடுத்தால் உதிர்ந்தது. மென்றால் எள் கசந்தது. மடத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சேர்மக்கனி ஒன்றைத் தின்றுவிட்டு, கடையில் விற்காமல் கிடந்த மாத்திரைகளை அண்ணாச்சி இடித்துப் போட்டுவிட்டாரா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வைரவனும் சிரித்தார். ஆனால் மாலையில் டப்பா நிறைந்தபடியே திரும்பி வந்தது. அடுத்த வாரமும் அப்படித்தான்.

மூன்றாவது வாரம் பழத்தைக் கூட்டினார். கடலைக்குச் சமமாகப் பழம். இப்போது உருண்டை பிடித்த பிடியில் நின்றது. மற்றவர்கள் தின்றார்கள். சேர்மக்கனி மட்டும் எடுக்கவில்லை. தனக்குச் சுகர் வந்து ஏழு வருடம் ஆகிறது, இதெல்லாம் ஆகாது என்று கையை விரித்துவிட்டார். டப்பாவின் அடியில் நாலைந்து உருண்டை மிஞ்சியது.

அடுத்த வியாழக்கிழமை வைரவன் ஒரு தாளில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டினார்.

சீனி இல்லை. வெல்லம் இல்லை.

அன்று சேர்மக்கனி நாலு உருண்டை தின்றார். வீட்டுக்கும் துண்டில் முடிந்துகொண்டு போனார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. அவர் வீட்டுக்கென்று வைரவன் தனியாக நாற்பது பிடிக்கத் தொடங்கினார். டப்பா ஒவ்வொரு வாரமும் காலியாகத் திரும்பியது.

மூன்று மாதம் போனது. மண்வெட்டி பட்டுச் சேர்மக்கனியின் கால் கட்டைவிரலில் ஏற்பட்ட சிறிய காயம் ஆறவில்லை. கறுத்தது. ஒரு புதன்கிழமை அவரை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. சனிக்கிழமை வரை பார்ப்பதாகவும், குறையாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை வைரவன் குருவிடம் வந்தார். தவமணி அம்மை பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, அந்தத் தாள்ல நான் எழுதினது அத்தனையும் உண்மை. சீனியும் போடல, வெல்லமும் போடல. என் மேல தப்பு உண்டா?”

அம்மை பழத் தட்டைத் தள்ளி வைத்தார். இடித்து வைத்திருந்த கடலையையும் எள்ளையும் கொப்பரையையும் அவர் முன் நகர்த்தினார்.

“பழம் இல்லாம ஒண்ணு பிடிச்சுக் குடுங்க.”

வைரவன் ஒரு கை அள்ளி அழுத்தினார். விரலைத் திறந்ததும் உதிர்ந்தது. இன்னும் இறுக்கிப் பிடித்தார். உள்ளங்கையில் எண்ணெய் கசிந்ததே தவிர, உருண்டை நிற்கவில்லை.

“எது இதைப் பிடிச்சு வச்சிருந்தது?”

“பழந்தான்.”

“தாள்ல அது எங்கே?”

பழத்தை ஒளித்துவைக்கவில்லை என்றார் வைரவன். எல்லார் முன்னாலும் உட்கார்ந்துதான் கொட்டை எடுத்தாராம். பார்த்தவர்கள் பார்த்திருக்கலாம்.

மருந்துக்கடையில் சுகர் மாத்திரை வாங்க வந்தவர்கள் பேரீச்சம்பழம் தின்னலாமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்று அம்மை கேட்டார்.

“ஒண்ணோட நிறுத்திக்கச் சொல்லுவேன். அதையும் டாக்டரைக் கேட்டுட்டுத் தின்னச் சொல்லுவேன்.”

“சேர்மக்கனிகிட்டச் சொன்னீங்களா?”

வைரவன் கையில் ஒட்டியிருந்த எள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசி எள்ளும் போன பிறகு சொன்னார்.

“சொல்லலம்மா. டப்பா காலியாத் திரும்பணும்னு இருந்தது.”

அம்மை மறுபடி தட்டை இழுத்துக்கொண்டார். நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை வைரவன் போனபோது சேர்மக்கனி கால்மாட்டில் தலையணை வைத்துப் படுத்திருந்தார். மனைவி பேச்சித்தாய் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கேட்பதற்கு ஓர் ஆள் வந்ததும் அவளால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. வேளைக்கு ஒரு டம்ளர் சோறு என்று அளந்துதான் போட்டாளாம். காப்பிக்குச் சீனியை நிறுத்தி ஏழு வருடமாம். கிழங்கு வீட்டுக்குள் வந்ததே இல்லையாம். இனிப்பாக ஏதாவது தின்றாரா என்று டாக்டர் கேட்டபோது, கிடையவே கிடையாது என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். இரவெல்லாம் யோசித்தபோதுதான் கோயில் கொடைவிழா அன்று கொடுத்தது நினைவுக்கு வந்ததாம்.

“அரை டம்ளர் பாயாசம். ஒரு நாள்தானேன்னு என் கையாலக் குடுத்தேன் அண்ணாச்சி. அதுதான் இப்ப விரல வாங்குது.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டீ வாங்கி வர பிளாஸ்க்கோடு கீழே போனாள்.

வைரவன் ஸ்டூலை நெருக்கிப் போட்டார். “அந்த உருண்டையில…” என்று தொடங்கினார்.

“பேரீச்சம்பழம்” என்றார் சேர்மக்கனி. “எனக்குத் தெரியாதா? சுகரு வந்தா நாக்கா செத்துப்போவும்?”

“தெரிஞ்சா தின்னீரு?”

“உம்ம தாள ஃபோன்ல படம் புடிச்சு அவகிட்டக் காட்டுனேன். மருந்துக்கடை அண்ணாச்சி எழுதுனதுன்னேன். பொறவு அவளே தினமும் காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டுன்னு எண்ணி எடுத்து வைப்பா.” வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். “அவகிட்டச் சொல்லிராதிய அண்ணாச்சி. இன்னொரு கால உடைச்சுருவா.”

பேச்சித்தாய் திரும்பி வந்தாள். சீனி போடாத டீயைத் தனியாக ஊற்றி, ஆற்றி, கணவன் கையில் கொடுத்தாள். சூடு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். வைரவன் தன் டீயைக் குடித்துவிட்டு, போய் வருகிறேன் என்று கிளம்பினார்.

மடத்துக்கு வரும்போது மணி மூன்றரை ஆகியிருந்தது. தவமணி அம்மை சேர்மக்கனியின் கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வைரவன் வேகமாக வந்தார். இரண்டு நாளாக இல்லாத தெளிவு முகத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னார். பாயாசத்தையும் சொன்னார்.

“அவருக்கு முதல்லயே தெரியும் அம்மா. தெரிஞ்சேதான் தின்னிருக்காரு. தாள் அவரை ஏமாத்தல.”

அம்மை குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினார்.

“அப்ப அந்தத் தாளை நம்பினது யாரு?”

“அவரு சம்சாரம்” என்றார் வைரவன். பாத்தி பாதி நிறைந்தது.

“சொல்ல வேண்டாம்னு அவரு கேட்டுக்கிட்டாரு.”

“அவர் செஞ்சதை அவர் சொல்லட்டும். நீங்க எழுதினதை நீங்க சொல்லுங்க.”

வைரவன் தலையாட்டினார். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

“நாளைக்கு விரலைப் பார்க்க டாக்டர் வந்திருவார்” என்றார் அம்மை. “அந்தம்மா இன்னைக்கு ராத்திரியும் பாயாசத்தை நினைச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கும். நாலரைக்கு ஒரு பஸ் இருக்கு.”