எடுத்த கை

கோயம்புத்தூரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் மார்மன் கிறிஸ்தவ சபையின் சின்னக் கிளை ஒன்று இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் படியிறங்கிப் போன பிறகும் கனகமணி எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸ். ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருஷம்தான் ஆகிறது. பெண்கள் வகுப்பு எடுக்கும் மிரியாம் அவளைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் வேதத்தில் என்ன சந்தேகம் வந்தாலும் கனகமணி அவளிடம்தான் போய் நிற்பாள். படிக்க வந்த இடத்தில் வயசு பார்த்தால் ஆகுமா என்பாள்.

அன்றைய சந்தேகம் வேதத்தில் இல்லை.

அப்பமும் தண்ணீரும் பரிமாறிய தட்டுகளை மிரியாம் கழுவிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ருக்கு போய்ப் பதினாறு நாளாச்சு. இன்னும் வாயே திறக்க மாட்டேங்கறீங்க. சொல்லுங்க்கா."

ருக்கு கனகமணியின் தங்கை. இருவரும் ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள்.

நோயாளியின் தலையில் ஒலிவ எண்ணெய் தொட்டு, கை வைத்து ஆசீர்வதிப்பது அந்தச் சபையில் ஆசாரியத்துவம் பெற்ற ஆண்களின் வேலை. பெண்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது. டாக்டர்கள் கைவிட்டு வீட்டில் படுத்திருந்த ருக்குவுக்கு அன்று மூச்சு இழுத்ததும் கனகமணி கிளைத் தலைவர் தேவதாசனுக்குப் போன் போட்டாள். அவரும் லேத் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது.

"அவ பயந்துட்டா சிஸ்டர். 'எனக்கு ஜெபம் பண்ணுக்கா'ன்னா. என் கை தானா அவ தலைக்குப் போயிருச்சு. நெத்தி சில்லுனு இருந்துச்சு. கை வெச்சதும் மூச்சு கொஞ்சம் நிதானமாச்சு."

"அப்புறம்?"

"அப்புறம்தான் எனக்கு நினைப்பு வந்துச்சு. இது என் வேலையில்லையே. எண்ணெய் இல்லை, அதிகாரமும் இல்லை. சாமி குத்தமாயிருமோன்னு கையை எடுத்துட்டேன்."

மிரியாம் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"'கையை எடுக்காதக்கா'ன்னா. அதான் அவ கடைசியாப் பேசுனது. நான் கையைக் கட்டிக்கிட்டு வாசலையே பாத்துட்டு நின்னேன். பிரதர் வர்றதுக்குள்ள போயிட்டா."

முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் கனகமணியின் கண்முன்னால் போயிருக்கிறார்கள். பேர் தெரியாதவர்களின் கையைக்கூட அவள் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கூடப்பிறந்தவளிடமிருந்துதான் எடுத்தாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

"வெச்சது தப்பா, எடுத்தது தப்பா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. நான் சுமந்துக்கறேன்."

மிரியாம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நம்ம சபை ஆரம்பிச்ச காலத்துல, பிரசவத்துக்கு இருந்த பொண்ணுங்க தலையில பொண்ணுங்களே கை வெச்சு ஜெபிச்சிருக்காங்கக்கா."

"அப்புறம் ஏன் நின்னுது?"

"ஆசாரியத்துவம் உள்ள ஆம்பளைங்களைக் கூப்பிடுறதுதான் முறைன்னு ஆச்சு. ஏன்னு நானும் இருபது வருஷமாக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"பதில் கெடச்சுதா?"

"இல்லைங்க்கா."

கனகமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களே இப்படிச் சொன்னா நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

மிரியாம் எழுந்தாள். ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கனகமணியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் அவள் தலைமேல் வைத்தாள். எண்ணெய் எடுக்கவில்லை. ஆசாரியத்துவத்தின் பேரால் என்று ஆரம்பிக்கவும் இல்லை. வாயைத் திறக்காமல் நின்றாள்.

கனகமணி முதலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பிறகு தோள் குலுங்கியது. பதினாறு நாளாக வராத அழுகை அப்போது வந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடத்தைப் பூட்டிக்கொண்டு போக தேவதாசன் வந்திருந்தார். அவருடைய சாவிக்கொத்தில் ஆசீர்வாதத்துக்கான ஒலிவ எண்ணெய் வைத்த சின்னச் சிமிழும் எப்போதும்போல் தொங்கியது.

கனகமணி பதறிப்போனாள். "பிரதர் வந்துட்டார். கையை எடுத்துருங்க சிஸ்டர்" என்று முணுமுணுத்தாள்.

தலைமேல் இருந்த கைகள் அசையவில்லை.

தேவதாசன் வாசலிலேயே நின்றார். அன்று பிந்தி வந்ததை நினைத்து அவரும் சரியாகத் தூங்கி நாளாயிற்று. சாவி சத்தம் போடாதபடி கொத்தை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார்.

"என்ன சிஸ்டர் இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

மிரியாம் திரும்பிப் பார்க்கவில்லை.

"ருக்கு கேட்டதுங்க பிரதர்" என்றாள். "இன்னும் முடியலை."