வெந்நீரின் வாடை

குருபூசை நாளன்று பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த வயிரவன், ஓயாமல் ரசம் கேட்டு இலையைத் தட்டிய ஒரு விருந்தினரைப் பார்த்து, "உமக்கு இருப்பது வயிறா, அண்டாவா?" என்று எல்லோர் முன்னிலும் இரைந்துவிட்டான். பந்தியில் குரலை உயர்த்தியவன் அன்று விளக்கேற்றுவதற்குள் மடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்பது அங்கே வழக்கம். குரு சொன்னால் மட்டுமே அது மாறும்.

மூத்த சீடர் சட்டைநாதர் வழக்கத்தில் கறாரானவர். வயிரவனின் துணிமூட்டையைத் தாமே கட்டி வாயிலில் வைத்துவிட்டுக் குருவிடம் வந்தார். இத்தனை காலம் சாதுவாக இருந்தவனின் உண்மைக் குணம் இன்று வெளிப்பட்டுவிட்டது என்றார். உத்தரவானால் அனுப்பிவிடலாம் என்று பணிவோடு சொன்னார். பணிவில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

குரு பொன்னம்பல அடிகள் குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் கேட்டார்.

வந்ததை முகர்ந்து பார்த்துத் திருப்பி நீட்டினார். "வாடை அடிக்கிறதே."

சட்டைநாதரும் முகர்ந்தார். மெல்லிய பாசி வாடை. "பாத்திரம் துலக்கியவன் வயிரவன், சுவாமி. அவன் வேலை அப்படித்தான்."

"அப்படியானால் நீயே துலக்கிவிடு."

புளியும் சாம்பலும் இட்டு, செப்புப் பாத்திரத்தில் முகம் தெரியும்வரை துலக்கி, மறுபடியும் காய்ச்சிக் கொண்டுவந்தார். வாடை போகவில்லை. விறகுப் புகையாக இருக்கும் என்று, குரு சொல்லாமலே போய்க் கரி போட்டுக் குமுட்டி அடுப்பில் காய்ச்சினார். அதிலும் அதே வாடை.

வெயில் மதிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. வாயிலில் மூட்டைக்குப் பக்கத்தில் வயிரவன் உட்கார்ந்திருந்தான்.

"நம் கிணற்று நீர்தானே?" என்றார் குரு.

"ஆமாம், சுவாமி. காலையில் நானும் குடித்தேன். குளுகுளுவென்று இருந்தது. ஒரு வாடையும் இல்லை."

"இதைக் கொட்டிவிட்டு வேறு கிணறு பார்க்கலாமா?"

சட்டைநாதர் பதறிவிட்டார். ஊருக்கே நல்ல நீர் அது. "வேண்டாம், சுவாமி. தண்ணீர் மேல் குற்றமில்லை. சூட்டில் கொஞ்சம் வாடை கிளம்புகிறது. அவ்வளவுதான்."

சொல்லி முடித்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

குரு அந்த வெந்நீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். வயிரவன் சாப்பிட்டானா என்று விசாரித்தார். பந்திச் சமையலுக்காக விடியுமுன்பே கோட்டை அடுப்பு மூட்டியவன் இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதைச் சட்டைநாதர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"நீ எங்கே இருந்தாய்?"

"ஏட்டறையில், சுவாமி. பாராயணத்தில் இருந்தேன்."

"அங்கே அடுப்பு கிடையாது, இல்லையா?"

சட்டைநாதர் வாயிலுக்குப் போய், தாம் கட்டிய மூட்டையைத் தாமே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.