இரண்டு மிதி

கியர்பாக்ஸ் மேஸ்திரி இன்னாசியிடம் தொழில் பழக வந்தபோது செங்கோடனுக்கு வயது ஐம்பத்தொன்று. மேஸ்திரிக்கு நாற்பது. இருபத்தேழு வருடம் லாரி ஓட்டிய முதுகு இனி தொலைதூரம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சங்ககிரிச் சாலையோரத்தில் அந்தப் பட்டறை. கழற்றுவது, மாட்டுவது, வண்டியை ஓட்டிப் பார்த்துச் சொல்வது செங்கோடனின் வேலை.

ஆறாவது மாதம் நவாஸ் என்ற டிரைவர் ஒரு பழைய லாரியைக் கொண்டுவந்தார். அதுவரை புது வண்டிகள் ஓட்டியவர். இதற்கு மாறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"நாலுல இருந்து மூணுக்கு எறக்குனா கரகரங்குது. விழவே மாட்டேங்குது. சின்க்ரோ தேஞ்சிருக்கும்னு நினைக்கறேன்."

சின்க்ரோ என்பது ஒரு பித்தளை வளையம். கியர் விழும் முன் சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமமாக்கும். அது தேய்ந்துவிட்டால் பற்கள் மோதும், சேராது.

மேஸ்திரி வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். செங்கோடன் அந்த லாரியை பைபாஸ் வரை ஓட்டிவிட்டு வந்தார். மூன்றாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"வண்டில ஒண்ணுமில்ல தம்பி. கியர் ராடு என்ன ஆட்டுக்கல்லுக் குழவியா, அந்த ஆட்டு ஆட்டறதுக்கு? போய் ஓட்டிப் பழகு."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நவாஸும் சிரிக்கப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, கியர்பாக்ஸ எறக்கிப் பாத்துரலாமா?" மேஸ்திரி அடியிலிருந்தே கேட்டார்.

"தேவையில்லீங்க மேஸ்திரி. அவருக்குக் கால் பழகல, அவ்வளவுதான்."

"சரி."

நான்காம் நாள், சிமென்ட் பாரத்தோடு மலையிறக்கத்தில் போகும்போது நவாஸ் மூன்றுக்கு இறக்க நான்காவது கியரை எடுத்தார். மூன்று விழவில்லை. நான்கும் திரும்ப விழவில்லை. எந்தக் கியரும் இல்லாமல் நியூட்ரலில் ஓடிய பாரத்தை பிரேக் கொஞ்ச தூரம் பிடித்தது. பிறகு புகைந்தது. பிறகு அதுவும் விட்டுவிட்டது. பாறையில் மோதிய கேபினை வெட்டித்தான் உடலை எடுத்தார்கள்.

லாரியின் சொந்தக்காரர் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். "அவனுக்கு ஓட்டத் தெரியல. பட்டறையில அப்பவே சொல்லிட்டாங்க."

பத்து நாள் கழித்து நவாஸின் தகப்பனார் கமருதீன் பட்டறைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார்.

"எம்மவனுக்கு ஓட்டத் தெரியலன்னு நீங்க சொன்னீங்களாமே. இப்ப ஊரே அதைத்தான் சொல்லுது. அவன் பொண்ணுகிட்ட பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க, உங்கப்பாவுக்கு ஓட்டத் தெரியாதான்னு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். வண்டில கோளாறா, அவன்கிட்ட கோளாறா?"

செங்கோடன் வெளியே போய் மேஸ்திரியின் பக்கத்தில் நின்றார்.

"எனக்குச் சத்தம் வரல மேஸ்திரி. சத்தியமா வரல. வராததை வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?"

மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்து, "பாய், ஒரு அரைமணி நேரம் இருங்க" என்றார். காலையில் வந்து நின்ற ஒரு டிப்பரின் சாவியை எடுத்தார். மூன்றாவது சின்க்ரோ போய்விட்டது என்று அவரே ஓட்டிப் பார்த்து ஒதுக்கிவைத்த வண்டி.

"ஏறுங்கண்ணா."

செங்கோடன் ஓட்டினார். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாலுல இருந்து மூணு போடுங்க."

மூன்று விழுந்தது. சத்தமில்லை.

"இப்ப கிளட்ச ஒரே மிதி மிதிச்சுப் போடுங்க."

"ஒரே மிதிதான மிதிச்சேன்?"

"ரெண்டு மிதிச்சீங்க. நடுவுல ஆக்ஸிலேட்டர் ஒரு தட்டு. சின்க்ரோ இல்லாத பழைய வண்டில பழகுன கால், அந்த வளையத்தோட வேலைய அதுவே செஞ்சிருது."

செங்கோடன் தன் காலைப் பார்த்தார். மறுபடி நான்கு போட்டு, மறுபடி இறக்கினார்.

"ரெண்டு" என்றார் மேஸ்திரி.

மூன்றாம் முறை செங்கோடன் "ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மிதித்தார். சொல்லி முடிப்பதற்குள் கால் இன்னொரு முறை போய்விட்டு வந்தது. கியர் விழுந்திருந்தது.

"நான் மிதிக்கல மேஸ்திரி. அது தானாப் போவுது."

"ஓரங்கட்டுங்க."

இடம் மாறினார்கள். ஏரிக்குப் போகும் இறக்கத்தில் மேஸ்திரி நான்கை எடுத்து, ஒரே மிதியில் மூன்றுக்குத் தள்ளினார். பல்லோடு பல் அரைபட்டது. கியர் ராடு அதிர்ந்து அவர் உள்ளங்கையைத் தள்ளியது. மறுபடி தள்ளினார். விழவில்லை. வெறும் வண்டி, சிறிய இறக்கம். அது நியூட்ரலில் தானாக வேகம் பிடித்தது. மேஸ்திரி பிரேக்கைத் தொடவில்லை.

செங்கோடனின் வலதுகால், பிரேக் இல்லாத அந்தப் பக்கத்தில், தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தது.

"போதும் மேஸ்திரி. போதும்."

மேஸ்திரி இன்னும் கொஞ்ச தூரம் விட்டு, பிறகு நிறுத்தினார்.

பட்டறைக்குத் திரும்பியதும் செங்கோடன் நேராக கமருதீன் முன்னால் போய் நின்றார்.

"உங்க மகன் சொன்னது சரிங்க பாய். வண்டிலதான் கோளாறு. என் கால் அத எனக்கே தெரியாம மூடிருச்சு. தெரியாமயே அவரக் கேலி பண்ணி அனுப்பிட்டேன்."

மேஸ்திரி சொன்னார்: "நான் அந்த வண்டில ஏறவே இல்லீங்க. பட்டறை என்னோடது."

கமருதீன் இருவரையும் பார்த்தார்.

"வீட்ல சிரிச்சுட்டேதான் சொன்னான். குழவின்னு சொல்லிட்டாங்க அத்தா, நாந்தான் பழகணும் போலன்னு."

கமருதீன் செங்கோடன் பக்கம் திரும்பினார்.

"இத லாரிக்காரர்கிட்ட சொல்லுவீங்களா?"

"போலீஸ்லயும் சொல்றேங்க" என்றார் செங்கோடன்.

கமருதீன் எழுந்தார். யாரையும் பார்க்காமல் சாலையைக் கடந்து போனார். செங்கோடன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு வண்டி மேஸ்திரி. ஒரு வண்டில தப்புப் பண்ணிட்டேன்."

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டிரைவரா இருந்தப்போ மொத்தம் எத்தனை வண்டி ஓட்டுனீங்க?"

"இருவது இருக்கும்."

"கியர் சரியில்லைன்னு எதையாச்சும் பட்டறைக்கு விட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க. எதுலயும் சத்தம் வந்ததில்ல."

மேஸ்திரி துணியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு அப்புறம் அதையெல்லாம் யாரு ஓட்டுனாங்க அண்ணா?"